பெட்டியில் இருக்கும் எண்ணை நம்பி வின்ச் வாங்காதீர்கள்

ஆஸ்திரேலியாவில் எஸ்யூவிக்குப் பின்னால் கேரவனையோ படகு டிரெய்லரையோ மாட்டிக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்புவது சாதாரணக் காட்சி. அங்கே குடியேறிய தமிழர்களும் இதற்கு விலக்கல்ல. தார்ச்சாலை இருக்கும் வரை கவலையில்லை. மணலும் சேறும் தொடங்கும் இடத்தில்தான், சிக்கினால் என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறது. கூடவே, முன்பம்பரில் பொருத்தி மோட்டாரால் கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச் வாங்கும் யோசனையும் வருகிறது. கடையில் வழக்கமாகக் கிடைக்கும் பதில் இதுதான்: வண்டியின் மொத்த எடையை ஒன்றரையால் பெருக்குங்கள், அந்த அளவுக்கு வின்ச் வாங்குங்கள், டிரெய்லர் இழுப்பவர் என்றால் யோசிக்காமல் 12,000 பவுண்டு இழுவைக்குப் போய்விடுங்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு இந்தப் பதில் போதாது; பல நேரங்களில் தவறான தைரியத்தையும் கொடுத்துவிடுகிறது. கூடுதல் பவுண்டுக்குக் கொடுக்கும் பணத்தை ஒரு நல்ல கப்பியிலும், வண்டியில் உறுதியான மாட்டுமிடங்களிலும், மண்வெட்டியிலும் போடுபவரே புத்திசாலி என்பது என் வாதம். கணக்கும் அதைத்தான் சொல்கிறது.

ஒன்றரை மடங்கு விதியைக் குறை சொல்வதற்கில்லை, தனி வண்டியாக இருக்கும் வரை. டொயோட்டா பிராடோ 150 வரிசையின் பிந்தைய டீசல் ஆட்டோமேட்டிக் மாடலை எடுத்துக்கொள்வோம். ஆட்கள், எரிபொருள், சாமான்கள் எல்லாம் சேர்ந்து அந்த வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட எடை 2,990 கிலோ. அதை ஒன்றரையால் பெருக்கினால் 4,485 கிலோ. 10,000 பவுண்டு வின்ச் என்பது 4,536 கிலோ இழுவை. கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அதே பிராடோ, பிரேக் பொருத்திய டிரெய்லரை 3,000 கிலோ வரை இழுக்கலாம்; இரண்டும் சேர்ந்து 5,990 கிலோ வரை போகலாம். இதற்கும் ஒன்றரை மடங்கு விதியைப் போட்டால் கிட்டத்தட்ட 9 டன், அதாவது ஏறத்தாழ 20,000 பவுண்டு வருகிறது. அந்த அளவு வின்ச் லாரிகளுக்கானது. பிராடோவின் முன்பம்பரில் அதை வைக்க இடமும் கிடையாது, வைத்தாலும் வண்டிச் சட்டகம் தாங்காது. எனவே நடுவில் ஒரு சமரசமாக 12,000 பவுண்டு, அதாவது 5,443 கிலோ, பரிந்துரைக்கப்படுகிறது. இழுக்க வேண்டிய எடை இரட்டிப்பாகும்போது இழுவை கூடுவது ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. இந்தத் துறையின் வரலாறே தனி வண்டியைச் சுற்றி வளர்ந்தது. அமெரிக்காவின் வார்ன் நிறுவனம் 1974-ல் கொண்டுவந்த புகழ்பெற்ற 8274 மாடலின் பெயரிலேயே 8,000 பவுண்டும் அந்த ஆண்டும் பொதிந்திருக்கின்றன. அன்றைய ஜீப்பின் எடைக்கு அந்த இழுவை இரண்டு மடங்குக்கும் மேல். பின்னால் 3 டன் கேரவன் தொங்கும் வண்டி அந்தக் கணக்கில் இல்லை.

அடுத்தது, பெட்டியில் அச்சிட்ட எண்ணின் உண்மையான பொருள். 10,000 பவுண்டு என்பது கயிறு முழுவதும் வெளியே போய், உருளையில் ஒரே ஒரு அடுக்கு மட்டும் மிச்சமிருக்கும்போது கிடைக்கும் இழுவை. மோட்டாரும் பல்சக்கரங்களும் உருளைக்குக் கொடுக்கும் திருகுவிசை மாறுவதில்லை. ஆனால் அடுக்கு ஏற ஏற மையத்துக்கும் கயிற்றுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது, அதே விகிதத்தில் இழுவை குறைகிறது. 64 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை, 10 மில்லிமீட்டர் கயிறு என்று வைத்துக்கொண்டால், முதல் அடுக்கில் அந்தத் தூரம் 37 மில்லிமீட்டர். நான்காவது அடுக்கில் சுமார் 65. அதாவது 4,536 கிலோ என்று வாங்கிய வின்ச் அங்கே ஏறத்தாழ 2,600 கிலோதான் இழுக்கும். உருளை பருமனாக இருந்தால் இழப்பு சற்றுக் குறையும். மாடலுக்கு மாடல் வேறுபடும். ஆனால் எந்த மின் வின்ச்சும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. மரம் பக்கத்தில் இருந்து, ஐந்தாறு மீட்டர் கயிறு மட்டும் இழுத்து மாட்டினால், காசு கொடுத்து வாங்கிய பலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் கைக்கு வருகிறது. பெரும்பாலான பெட்டிகளின் முகப்பில் இந்த இரண்டாவது எண் இருப்பதில்லை. கையேட்டின் உள்பக்க அட்டவணையில்தான் தேட வேண்டும்.

இனி, எவ்வளவு இழுவை உண்மையில் தேவை? ராணுவங்கள் சிக்கிய வாகனங்களை மீட்பதற்கென்று நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கணக்கு முறை இதற்கு உதவும். காய்ந்த மிருதுவான மணலில் வண்டியை நகர்த்த அதன் எடையில் கால் பங்கு இழுவை வேண்டும். மேலோட்டமான சேற்றில் மூன்றில் ஒரு பங்கு. ஒட்டும் களிமண்ணில் பாதி. சக்கரம் பாதி புதைந்துவிட்டால் எடைக்குச் சமமான இழுவை. மட்கார்டு வரை புதைந்தால் இரு மடங்கு. சரிவு இருந்தால் அதற்குத் தனிக் கூட்டல்: 15 டிகிரி ஏற்றம் என்றால் எடையில் இன்னொரு கால் பங்குக்குச் சற்று மேல். மேலே சொன்ன பிராடோவும் கேரவனும் முழு எடையோடு 15 டிகிரி மணல் ஏற்றத்தில் நின்றுபோனதாக வைப்போம். மணலுக்கு 1,500, ஏற்றத்துக்கு 1,550, ஆக ஏறத்தாழ 3,050 கிலோ தேவை. வெளி அடுக்கில் 2,600 கிலோ இழுக்கும் வின்ச் அங்கே முனகிவிட்டு நிற்கும். வண்டி சக்கரம் சுழன்று புதைந்துவிட்டால் கணக்கு இன்னும் மோசம்: வண்டிக்கு 2,990, கேரவனுக்கு 750, ஏற்றத்துக்கு 1,550, மொத்தம் 5,290 கிலோ. 12,000 பவுண்டு வின்ச் வைத்திருப்பவர்கூட, கயிறு முழுவதையும் வெளியே விட்டு, எல்லாம் சாதகமாக அமைந்தால்தான் தொட்டும் தொடாமலும் தப்புவார். வெளி அடுக்கில் அவருக்கும் கிடைப்பது சுமார் 3,100 கிலோதான்.

இதே சிக்கலை வேறு வழியில் அணுகலாம். முதலில் கேரவனைக் கழற்றிவிட்டால், தேவை 5,290-லிருந்து 3,765 கிலோவாக இறங்குகிறது. புதைந்த நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் மண்வெட்டியால் சரிவாக வெட்டிவிட்டு, டயர் காற்றைக் குறைத்தால், வண்டி மீண்டும் மணலின் மேல் நிற்கும் நிலைக்கு வருகிறது. தேவை 1,525 கிலோதான். ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவழிக்காமல் வேலை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. நம் ஊரில் தேர் நிலையிலிருந்து கிளம்பும்போது வடம் பிடிப்பவர்களின் எண்ணிக்கையை மட்டும் நம்பி விடுவதில்லை. சக்கரத்துக்குப் பின்னால் கட்டை கொடுத்து நெம்புகிறவர்கள் இருப்பார்கள். இழுப்பதற்கு முன் தடையைக் குறைப்பது என்ற அந்தப் பழைய அறிவுதான் இங்கும் தேவைப்படுகிறது.

தடையைக் குறைத்தும் போதவில்லை என்றால் அடுத்தது கப்பி. ஸ்நாட்ச் பிளாக் என்று கடைகளில் சொல்லப்படும் இந்தக் கப்பியை மரத்தில் அகலப் பட்டை சுற்றி மாட்டி, வின்ச் கயிற்றை அதன் வழியே திருப்பிக் கொண்டுவந்து வண்டியின் மாட்டுமிடத்தில் கட்டினால், இரண்டு கயிறுகள் சேர்ந்து இழுக்கின்றன. கப்பியின் உராய்வுக்குப் பத்து சதவீதம் கழித்தாலும் இழுவை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. இன்னொரு லாபமும் உண்டு. 13 மீட்டர் தள்ளி இருக்கும் மரத்துக்குப் போய்த் திரும்ப 26 மீட்டர் கயிறு வேண்டும். 30 மீட்டர் கயிற்றில் உருளையில் மிஞ்சுவது முதல் அடுக்குதான். ஆகவே வின்ச் தன் முழு பலத்தில் வேலை செய்கிறது. 10,000 பவுண்டு வின்ச், ஒரு கப்பியோடு, 8,600 கிலோ வரை இழுக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. 12,000 பவுண்டு வின்ச் தனியாக ஒருநாளும் இதைத் தொட முடியாது. வேகம் பாதியாகும், உண்மைதான். ஆனால் புதைந்த வண்டியை அவசரமாக இழுப்பதில் யாருக்கும் நன்மை இல்லை. ஒன்றை மறந்துவிடக் கூடாது: கப்பி தொங்கும் மரத்தின் மீது விழும் பாரம் கயிற்றிலுள்ள இழுவையைப் போல இரு மடங்கு. பட்டை, இணைக்கும் ஷேக்கிள் வளையம், கப்பி மூன்றும் அந்த இரட்டைப் பாரத்துக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும்.

மின்சாரக் கணக்கும் கப்பியின் பக்கமே நிற்கிறது. முழுப் பாரத்தில் 12 வோல்ட் வின்ச் 400 ஆம்பியருக்கு மேல் குடிக்கும். வண்டியின் ஆல்டர்னேட்டர் கொடுப்பதோ பெரும்பாலும் 100 முதல் 150 ஆம்பியர். மிச்சத்தை பேட்டரிதான் தர வேண்டும். சில நிமிடங்களில் அது சோர்ந்துவிடும், மோட்டாரும் கொதிக்கத் தொடங்கும். கப்பி போட்டால் மோட்டாரின் மீதுள்ள பாரம் பாதியாகிறது. மின்னோட்டமும் ஏறத்தாழ அந்த அளவுக்கு இறங்குகிறது. கேரவனுக்குள் இருக்கும் பெரிய லித்தியம் பேட்டரி உதவுமே என்று நினைப்பவர்கள் உண்டு. விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் மின்சாரம் கடத்தும் மெல்லிய வயரில் வின்ச் மின்னோட்டம் வராது. பெரும்பாலான லித்தியம் பேட்டரிகளின் பாதுகாப்புச் சுற்றும் அதை அனுமதிக்காது. வின்ச்சுக்கு வண்டியின் முன்பக்க பேட்டரியும், தடித்த கேபிளும், இறுக்கமான இணைப்பும்தான் கதி.

டிரெய்லர் இழுப்பவர் யோசிக்க வேண்டிய, ஆனால் கடைகளில் பேசப்படாத இன்னொன்று, வின்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. அது வண்டியின் மூக்கில் இருக்கிறது. சிக்குவது பெரும்பாலும் வால். கனமான கேரவன் பள்ளத்தில் இறங்கிவிட்டால், முன்னால் இருந்து இழுக்கும் அத்தனை விசையும் வண்டியின் உடல் வழியாகப் போய், டிரெய்லரை மாட்டும் டோ பார் வழியாகக் கேரவனை இழுக்க வேண்டும். 3 டன் கேரவன் அச்சு வரை புதைந்து, 15 டிகிரி ஏற்றத்திலும் இருந்தால், இணைப்பு தாங்க வேண்டியது சுமார் 3,775 கிலோ. பிராடோவின் இழுவை வரம்பு 3,000. இந்த இடத்தில் பெரிய வின்ச் உதவி அல்ல. நடுவில் எதையாவது முறிக்கும் கருவி. கேரவனைக் கழற்றி, வண்டியை உறுதியான தரைக்கு ஓட்டிச் சென்று திருப்பி நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வின்ச்சால் கேரவனின் சட்டகத்தைப் பிடித்து மெல்ல இழுப்பதே சரியான முறை. வேண்டிய இடத்தில் செருகி எடுக்கக்கூடிய வின்ச் தொட்டில்கள் கிடைக்கின்றன. பின்பக்க டோ பாரின் சதுரக் குழலில் செருகினால் பின்னோக்கியும் இழுக்கலாம் என்பது அவற்றின் கவர்ச்சி. ஆனால் டிரெய்லர் மாட்டியிருக்கும்போது அந்தக் குழலை, டிரெய்லரின் மூக்கு உட்காரும் டோ பால் அடைத்துக்கொண்டிருக்கும். அந்தக் குழலின் வரம்பும் 12,000 பவுண்டு வின்ச்சின் இழுவையைவிடக் கணிசமாகக் குறைவு. தனி வண்டிக்குப் பயன்படும் இந்த வசதி, டிரெய்லரோடு போகிறவருக்குப் பாதி நேரம் வெறும் சுமை.

சுமை என்றதும் எடை நினைவுக்கு வர வேண்டும். எஃகு வடம் சுற்றிய 12,000 பவுண்டு வின்ச் 40 கிலோவை நெருங்கும். அதைத் தாங்கும் புல்பார் இன்னும் 50, 60 கிலோ. டிரெய்லர் இழுக்கும் வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடையில் டோ பாலின் மேல் அழுந்தும் பாரமும் சேர்த்தி. 3 டன் கேரவனுக்கு அது 300 கிலோ வரை போகும். குடும்பம், முழு டாங்கி டீசல், குளிர்பெட்டி எல்லாம் ஏறிய பிறகு மிஞ்சுவது சொற்பம். வரம்பை மீறினால் அபராதம் மட்டுமல்ல, விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் இடமுண்டு. பின்னால் கேரவன் அழுத்தும்போது முன்பக்கம் தூக்கிக்கொள்வதை வின்ச்சின் எடை சரிக்கட்டும் என்று சிலர் சொல்வார்கள். முன் அச்சுக்குக் கொஞ்சம் பாரம் திரும்புவது உண்மை. ஆனால் மொத்த எடை குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது. பின்பாரத்தைச் சரிசெய்ய வேண்டியது கேரவனுக்குள் சாமான் அடுக்கும் முறையில்தான். எடையைக் குறைக்க வேண்டும் என்பதற்காகவே எஃகு வடத்தைவிடச் செயற்கை இழைக் கயிறு மேல். பத்து கிலோ வரை மிச்சமாகும், அறுந்தாலும் எஃகைப் போல் சாட்டையாகச் சுழன்று ஆளை அடிக்கும் அபாயம் குறைவு. ஆனால் அது வெயிலையும் மணல் உரசலையும் சூட்டையும் தாங்காது. 150 டிகிரி செல்சியஸ் அருகிலேயே உருகிவிடும் இழை அது. சரிவில் பாரத்தோடு கயிற்றை வெளியே விடும்போது உருளைக்குள் இருக்கும் பிரேக் கொதிக்கும் மாடல்களில் அந்தக் கயிறு கருகிப்போகலாம். எனவே இழைக்கயிறு வாங்குபவர், பிரேக் உருளைக்கு வெளியே இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும், பலம் கூடுதலாக இருப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். இயந்திரத்தை எப்போதும் அதன் வரம்பில் ஓட்டாமல் இருப்பது நல்லதுதானே? மற்றவை எல்லாம் அதற்கேற்ப உறுதியாக இருந்தால் நல்லதுதான். மீட்பு வேலையில் பாரம் வின்ச்சின் மேல் மட்டும் விழுவதில்லை. பொருத்திய தகடு, போல்ட்டுகள், ஷேக்கிள், மாட்டுமிடம், டோ பார், மரம் என ஒரு சங்கிலி முழுவதிலும் விழுகிறது. சிறிய வின்ச் தாங்காவிட்டால் நின்றுபோகும். அந்த நிற்றல் ஒரு எச்சரிக்கை. பெரிய வின்ச் நிற்காமல் இழுக்கும்போது, சங்கிலியில் எது மெலிந்ததோ அது தெறிக்கும். டோ பாலை மீட்பு வேலைக்கு மாட்டுமிடமாகப் பயன்படுத்தி, அது முறிந்து பறந்து உயிர்கள் போன சம்பவங்கள் ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கின்றன. அங்கெல்லாம் பஞ்சமாக இருந்தது பலம் அல்ல.

இதைவிட வலுவான ஆட்சேபம் வேறொன்று. குவீன்ஸ்லாந்தின் கே'காரி தீவில் கடல் ஏறிவரும் கரையில் வண்டி புதைந்து நிற்கும்போது, கப்பி மாட்டவும் மண் வெட்டவும் நேரம் எங்கே இருக்கிறது? பக்கத்தில் மரமும் இருக்காதே? நியாயமான கேள்வி, ஆனால் அது பெரிய வின்ச்சுக்கு ஆதரவாகப் பேசவில்லை. மரம் இல்லாத இடத்தில் 12,000 பவுண்டுக்கும் பிடிமானம் கிடையாது. தரையில் புதைக்கும் நங்கூரமோ, புதைத்த உதிரிச் சக்கரமோ மணலில் பிடிக்கும் விசைக்கு எல்லை உண்டு. கூடுதல் இழுவை நங்கூரத்தையே பிடுங்கி எடுத்துக்கொண்டு வரும். முழுப் பாரத்தில் பெரும்பாலான வின்ச்சுகள் நிமிடத்துக்குச் சில மீட்டருக்கு மேல் சுற்றுவதில்லை. அங்கே காப்பாற்றுவது, கரையில் இறங்கும் முன்பே வண்டி டயர்களிலும் டிரெய்லர் டயர்களிலும் காற்றைக் குறைப்பது, ஓதம் இறங்கும் நேரம் பார்த்துப் போவது, சக்கரத்தடியில் வைக்கும் மணல் பலகைகள், நின்றவுடன் ஆக்சிலரேட்டரை மிதித்துக் குழி தோண்டாமல் இறங்கிப் பார்ப்பது. டிரெய்லர் டயரை மறந்துவிட்டு வண்டி டயரில் மட்டும் காற்றைக் குறைப்பவர்கள், பின்னால் ஒரு கலப்பையை இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

அப்படியானால் வின்ச்சே வேண்டாமா? வேண்டும். இன்னொரு வண்டி ஓடிவந்து நீளும் பட்டையால் சுண்டி இழுப்பது 6 டன் கூட்டு எடைக்கு ஆபத்தான முறை. அந்தச் சுண்டலில் உச்ச விசை எவ்வளவு என்று யாராலும் கணிக்க முடியாது. வின்ச் மெதுவாக, கட்டுக்குள் இழுக்கிறது. வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். டிரெய்லரோடு தனியாகப் பயணம் செய்பவருக்கு இதைவிட நம்பகமான துணை இல்லை. வாங்குவது நியாயம், எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதில்தான் பிழை.

இதில் விற்பவர்களுக்கும் அரசுக்கும் பொறுப்பு உண்டு. வின்ச் பெட்டியின் முகப்பில் முதல் அடுக்கின் இழுவையோடு கடைசி அடுக்கின் இழுவையும், முழுப் பாரத்தில் குடிக்கும் ஆம்பியரும் அதே அளவு எழுத்தில் அச்சிடப்பட வேண்டும். இந்த விவரங்கள் தயாரிப்பாளரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. கையேட்டுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவர எந்தச் செலவும் இல்லை. புல்பார் விற்பவர் அதன் வின்ச் தட்டு எத்தனை கிலோ இழுவைக்குச் சோதிக்கப்பட்டது என்று எழுத்தில் தர வேண்டும். வாங்குபவர் டிரெய்லர் இழுப்பவர் என்றால், வண்டியின் எடையை அல்ல, கூட்டு எடையையும் டோ பார் வரம்பையும் கேட்டுவிட்டுத்தான் கடைக்காரர் பரிந்துரைக்க வேண்டும்.

அதுவரை வாங்குபவர்தான் கணக்குப் போட வேண்டும். 3 டன் எடையுள்ள எஸ்யூவிக்கு 10,000 பவுண்டு வின்ச் போதும். அதற்கு மேல் போகும் பணத்தில் தரமான கப்பி ஒன்று, அகலமான மரப்பட்டை, தரக்குறியீடு உள்ள ஷேக்கிள்கள், முன்னும் பின்னும் சோதிக்கப்பட்ட மாட்டுமிடங்கள், நீளக் கைப்பிடி மண்வெட்டி, காற்றழுத்தமானி, மணல் பலகைகள் எல்லாம் அடங்கும். வாங்கியதைப் பெட்டியோடு பூட்டி வைக்காமல், டிரெய்லரைக் கழற்றுவது, கப்பி மாட்டுவது, கயிற்றைச் சீராகத் திருப்பிச் சுற்றுவது ஆகியவற்றை ஊருக்குப் பக்கத்தில், உலர்ந்த தரையில் ஒரு நாள் பழகிவிட்டால், முன்பம்பரில் எழுதியிருக்கும் எண் எவ்வளவு என்ற கவலை தானாகக் குறைந்துவிடும்.